பாடக்குறிப்பின் கடைசி இரண்டு வரிகள்: கிழக்கில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியருக்கு

குருக்கள்மடத்துத் துறையில், மட்டக்களப்பு வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்களைப் பாடசாலை நாட்களில் காலையில் பார்க்கலாம். அவர்களில் யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிள் இருக்கையையே மேசையாக்கி, பாடக்குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருப்பார். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் தொடங்கிய குறிப்பு மேற்குக் கரையான படுவான்கரையில் முடியும். நானும் அப்படி எழுதியவன்தான். சென்ற வருடக் குறிப்பைப் பார்த்து, திகதியை மட்டும் மாற்றி.

இரண்டு வருடங்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் வருடம் தரம் 7 கணித வகுப்பில் 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டேன். பாதி வகுப்பு 1/4 என்றது. மூன்றைவிட நான்கு பெரிதாம். கோபத்தில், “போன வருடம் உங்களுக்கு யார் படிப்பித்தது?” என்று கேட்டுவிட்டேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை பயப்படாமல், “நீங்கள்தான் சேர்” என்றது.

வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். “மாணவர்கள் பின்னங்களை ஒப்பிடுவர்” என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் சரி அடையாளம், கீழே அதிபரின் கையொப்பம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிள்ளைகளுக்குத்தான் பின்னம் தெரியவில்லை.

இந்த வருடம் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முதல் நியமனம் பெற்றுப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து படித்ததுதான்.

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்

எழுத்தில் உள்ள வரிசை நீளமானது. பகுதித் தலைவர், பிரதி அதிபர், அதிபர், அவருக்கு மேல் கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் வலயம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. அம்பாறை மாவட்டத்தில் ஏழு: அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், மகாஓயா, தெஹியத்தகண்டிய. உங்கள் நியமனக் கடிதத்தில் எந்த வலயம் என்று இருக்கும். அந்த அலுவலகத்தில் உங்கள் பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகர் யார் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். அவர் குறைபிடிக்க வருபவர் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலானோர் உங்களைப் போலவே வெண்கட்டித் தூசியில் வளர்ந்தவர்கள்.

ஆண்டுச் சம்பள ஏற்றத்துக்கு அதிபரின் பரிந்துரை வேண்டும் என்பதால் பலர் அந்த வரிசைக்கு மட்டுமே பதில் சொல்லப் பழகிவிடுகிறார்கள். வரிசையில் இல்லாத இருவர் இருக்கிறார்கள். ஒருவர் வாங்கில் இருக்கும் பிள்ளை. மற்றவர் அடுத்த வருடம் அதே பிள்ளைகளை வாங்கிக்கொள்ளப்போகும் ஆசிரியர். குறிப்பு எழுதும்போது இந்த இருவரையும் நினைத்துக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்கான பதில் தானாக வந்துவிடும்.

முதல் வாரம்: கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பாடத்தின் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, பாடநூல், நேரசூசி. பாடத்திட்டத்தையும் வழிகாட்டியையும் தயாரிப்பது மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடசாலையில் பிரதி இல்லையென்றால் அதன் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். பாடநூல் வேறு, பாடத்திட்டம் வேறு. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தை நோக்கி ஓடுவதைத் திட்டமிடல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மூத்தவர்கள் இன்றும் உண்டு. பிள்ளை எந்தத் தேர்ச்சி மட்டத்தை அடைய வேண்டும் என்பதைப் பாடத்திட்டம்தான் சொல்லும். பாடநூல் அதற்கு ஒரு கருவி.

ஐந்தாவதாக, அதிகம் பேர் கேட்டு வாங்காத ஒன்று: உங்கள் வகுப்பின் சென்ற வருடப் புள்ளிப் பட்டியல். அதை வாங்கியபின் ஒரு பாடவேளையை ஒதுக்கி, முந்தைய தரத்திலிருந்து பத்துச் சிறிய கேள்விகள் கொடுத்துப் பாருங்கள். புள்ளி போட வேண்டாம். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள். பட்டியலில் 70 வாங்கிய பிள்ளை கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் இருப்பதைக் கண்டு நீங்கள் திகைக்கலாம். யாரையும் நோகாமல் குறித்து வையுங்கள். வருடக் கடைசியில் உங்கள் வேலையை அளக்க இதுதான் கோடு. தொடங்கிய இடம் தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

தவணையை எண்ணிப் பாருங்கள்

வாரத்துக்கு ஐந்து பாடவேளை, தவணைக்குப் பதினான்கு வாரம் என்றால் 70 பாடவேளை. இது கடதாசிக் கணக்கு. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி, தைப்பொங்கல், சுதந்திர தினம், சிவராத்திரி, போயா நாட்கள், கடைசியில் தவணைப் பரீட்சை என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 70 இல் 50 கையில் வந்தால் நல்ல தவணை என்பது என் அனுபவம். ஆகவே 50க்கு எழுதுங்கள். மிஞ்சினால் மீட்டலுக்கு இருக்கட்டும்.

இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். படுவான்கரையில் பெரும்போக அறுவடை நடக்கும் நாட்களில் தரம் 8க்கு மேல் பின்வாங்குகள் காலியாகும். பிள்ளை வட்டையில், அதாவது வயல்வெளியில் நிற்கும். அந்த இரண்டு, மூன்று வாரங்களில் புதிய அலகு தொடங்காதீர்கள். மூன்றாம் தவணையில் வடகீழ்ப் பருவமழை வலுத்து உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால், பிள்ளைகள் வந்தாலும் உங்களால் போய்ச்சேர முடியாத நாட்கள் வரும். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தவர்கள் நோன்பு விடுமுறையைப் பார்த்துத் தவணைத் திட்டத்தை முற்றாக மாற்றி எழுத வேண்டும். தமிழ்ப் பாடசாலையில் இருக்கும் நண்பரின் திட்டத்தைப் பிரதி எடுத்தால் முதல் தவணையிலேயே சறுக்கும்.

கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

பாடக்குறிப்பின் கட்டங்கள் உங்களுக்குத் தெரியும். தரம், பாடவேளை, தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, தர உள்ளீடு, செயற்பாடு, மதிப்பீடு. மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். மதிப்பீட்டுக் கட்டத்துக்கு வரும்போது கையும் ஓய்ந்துவிடும், கட்டமும் சிறியதாக இருக்கும். “வினாக்கள் கேட்டல்” என்று எழுதி மூடிவிடுவோம்.

கீழிருந்து தொடங்குங்கள். பாடம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு துண்டில் எழுதித் தர வேண்டிய ஒரேயொரு கேள்வியை முதலில் எழுதுங்கள். என்னைத் தலைகுனிய வைத்த அதே பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: “1/3, 1/4 ஆகியவற்றுள் பெரியது எது? ஏன்? ஒரு வசனத்தில் எழுதுக.”

அந்த “ஏன்” கட்டாயம். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதிப் பேர் சரியாக எழுதிவிடுவார்கள். கற்றற் பேறை எழுதும்போதும் இதையே பாருங்கள். “விளங்கிக்கொள்வர்” என்று எழுதினால் விளங்கியதை எப்படிக் கண்ணால் காண்பது? “ஒப்பிட்டுக் காரணம் எழுதுவர்” என்றால் காணலாம், எண்ணலாம்.

அடுத்து, பிள்ளை எங்கே பிழைவிடும் என்று ஒரு வரி எழுதுங்கள். இங்கே பிழை தெரிந்ததே: பகுதி எண் பெரிதானால் பின்னமும் பெரிது என்ற எண்ணம். அந்தப் பிழையை உடைக்கும் செயற்பாடு எதுவோ அதுதான் உங்கள் பாடம்.

நான் முன்பு செய்தது, கரும்பலகையில் கையால் இரண்டு வட்டங்கள் வரைந்து ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிரித்துக் காட்டியது. இரண்டாவது வட்டம் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது. அதில் நான்கில் ஒரு துண்டு, முதல் வட்டத்தின் மூன்றில் ஒரு துண்டை விடச் சிறியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் கண்டதைத்தான் சொன்னார்கள். பிழை என் வட்டத்தில்.

இப்போது செய்வது இது. பழைய பத்திரிகைத் தாளில் 24 சென்ரிமீற்றர் நீளமான கீலங்கள் (ஒடுக்கமான நீள் துண்டுகள்) வெட்டுங்கள். இருவருக்கு இரண்டு கீலங்கள். முதலில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் சமம் என்பதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் பாடமே போய்விடும். ஒன்றில் 8, 16 என்ற இடங்களில் அடையாளம் இட்டு மடிக்க வேண்டும், மற்றதில் 6, 12, 18. ஒவ்வொன்றிலும் ஒரு மடிப்பைக் கிழித்துப் பக்கத்தில் வைத்தால் 8 சென்ரிமீற்றரும் 6 சென்ரிமீற்றரும் மேசையில் கிடக்கும். “கூடுதலான பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது குறையும்” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். வீட்டில் ரொட்டி பங்கிட்ட பிள்ளை என்றால் சீக்கிரமே சொல்லும். அந்த வசனத்தை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள், உங்கள் மொழியில் திருத்தாமல்.

பின்பு கீலம் இல்லாமல் 1/5ஐயும் 1/9ஐயும் கேளுங்கள். கீலத்தோடு மட்டும் சரியாகச் சொல்பவர் யார், மனத்தில் ஏற்றியவர் யார் என்பது இங்கே பிரியும்.

40 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: பழையதை நினைவூட்ட 5, கீலத்துக்கு 12, பேச 8, பயிற்சிக்கு 8, கடைசிக் கேள்விக்கு 5. மீதி 2 நிமிடம் அழிறப்பர் தொலைத்த பிள்ளைக்கும், கதவில் வந்து நிற்கும் சுற்றறிக்கைக்கும்.

2007 சீர்திருத்தத்தோடு வந்த ஐந்து படி மாதிரியைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள்: ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். மேலே சொன்னதும் கிட்டத்தட்ட அதே ஒழுங்குதான். படிகளின் பெயரைக் குறிப்பில் எழுதியதோடு கடமை முடிந்துவிடாது; கீலத்தின் நீளத்தைக்கூட எழுதாத குறிப்பை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் அங்கே நின்றுதான் யோசிக்க வேண்டிவரும்.

இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் சிறிய பாடசாலைகள் உட்பகுதிகளில் உண்டு. அங்கே பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கத்துக்கு நீங்கள் விளக்கும் நேரத்தில் மறுபக்கம் எழுத்து வேலையில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் “விளக்குதல்” என்று இருந்தால் குறிப்பு பொய் சொல்கிறது.

வகுப்புக்குள்

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆசிரியர்களைக் கவனித்தபோது, கேள்விக்குப் பின் அவர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாதவர்களும் பேசத் தொடங்கினர். மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்கும்போது மூன்று நிமிடம் போலத் தெரியும். மனத்துக்குள் எண்ணுங்கள்.

முன்வாங்கில் கை உயர்த்தும் ஐந்து பேரை வைத்துக்கொண்டு பாடத்தை முடித்துவிடலாம். மிகவும் சுகமான வழி அது, நானும் பல வருடம் அந்த வழியில் போனேன். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக் கேட்டவருக்குப் புள்ளி இட்டுக்கொண்டு வந்தால் வாரக் கடைசியில் யாரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது தெரியும்.

பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. “அடித்தால்தான் படிப்பான் சேர், தோலை உரித்துவிடுங்கள்” என்று தகப்பனே வந்து சொன்னாலும் உங்களுக்கு அனுமதி கிடைத்துவிடாது.

கடைசி இரண்டு வரிகள்

இதுதான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். பாடம் முடிந்ததும் துண்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். விடையும் காரணமும் சரி, விடை மட்டும் சரி, இரண்டும் பிழை. 36 துண்டுகளுக்கு நான்கு நிமிடம் போதும். இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே செய்யலாம். பின்பு குறிப்பின் அடியில் மீள்நோக்கு என்ற இடத்தில் இரண்டே வரிகள்:

“21 பேர் காரணத்துடன் சரி, 9 பேருக்குக் காரணம் இல்லை, 6 பேருக்கு இன்னும் 1/4 பெரிது. நாளை முதல் 10 நிமிடம் அந்த 15 பேரும் கீலத்தோடு, மற்றவர்கள் பாடநூல் பயிற்சி.”

“பாடம் வெற்றிகரமாக நடைபெற்றது” என்ற வசனத்தை எழுதாதீர்கள். அது எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கும் உதவியதில்லை. பாடம் பாதியில் நின்றால் நின்றது என்று எழுதுங்கள். “கூட்டத்துக்காக 15 நிமிடம் முன்னதாக முடிந்தது, கடைசிக் கேள்வி கேட்கவில்லை” என்பதும் நேர்மையான வரி. குறை எழுதினால் அதிபர் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாகத்தான் இருக்கும். நான் முதன்முதலில் “இன்றைய பாடம் பிழைத்துவிட்டது, என் உதாரணம் பொருத்தமில்லை” என்று எழுதிக் கொடுத்தபோது, அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று போனேன். கதிரையைக் காட்டி, எந்த உதாரணம் என்று கேட்டார். மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் என் குறிப்பை வாசித்தார்.

நாளைய குறிப்பின் முதல் பத்து நிமிடம் இன்றைய இரண்டு வரிகளிலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் சென்ற வருடப் புத்தகத்தைப் பார்த்து எழுத உங்களால் முடியாது. இந்த வருடப் பிள்ளைகளின் எண்ணிக்கை அதில் இல்லை.

கொப்பி திருத்துவதில் எல்லாக் கணக்கையும் சரி பார்க்க முயன்று களைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு பயிற்சியை எடுத்து, பிழைக்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி, பிள்ளை திருத்தியதை மறுபடி பாருங்கள். திகதி இல்லாத சிவப்புச் சரி அடையாளத்தால் பயன் இல்லை.

மேற்பார்வைக்கு ஆள் வந்தால்

அன்றைக்கு மட்டும் பிறிஸ்டல் மட்டையும் பாட்டும் கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளின் முகத்திலேயே தெரிந்துவிடும்: இன்றைக்கு சேருக்கு என்ன நடந்தது? வழக்கமான பாடத்தையே நடத்துங்கள். வந்தவரிடம் பாடத்துக்கு முன்பே ஒன்றைக் கேளுங்கள்: “பின்வரிசையில் ஆறு பேர் வாய் திறப்பதில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” உங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கக் கிடைத்த இன்னொரு சோடிக் கண்கள் அவை. பாடம் முடிந்தபின் அவர் சொன்னதை எழுதி, எதை எப்போது மாற்றுவீர்கள் என்றும் எழுதி வையுங்கள். அடுத்த வருகையில் அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து காட்டலாம்.

உங்கள் பொறுப்பு எது, எது இல்லை

ஆசிரியர் இல்லாத பாடம், கூரை ஒழுகும் வகுப்பு, மூன்று மாதம் பிந்திக் கிடைத்த பாடநூல் ஆகியவற்றுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவற்றை எழுத்தில் அதிபருக்குத் தெரிவிப்பது உங்கள் வேலை. வாய்ப்பேச்சு காற்றோடு போகும். தவணை முடிவில் பெறுபேறு குறைந்து கேள்வி வரும்போது, திகதியிட்ட ஒரு கடிதம் நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும்.

லீவு எடுப்பது உங்கள் உரிமை. அன்றைக்கு வகுப்புக்குப் போகும் மற்ற ஆசிரியருக்கு ஒரு பக்க வேலையை விட்டுச்செல்வது கடமை. “வாசிக்கச் சொல்லுங்கள்” என்பது வேலை ஆகாது.

வகுப்பில் விட்டதை மாலையில் காசு வாங்கிக்கொண்டு அதே பிள்ளைக்கு டியூசனில் சொல்லிக் கொடுப்பவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். அவர்களோடு சண்டை போடச் சொல்லவில்லை, சேராதீர்கள்.

பெற்றோரிடம் புள்ளியை மட்டும் சொல்லாதீர்கள். தரம் 6 பிள்ளையின் தாய்க்கு “38 புள்ளி” என்றால் என்ன செய்வதென்று தெரியாது, அடிதான் விழும். “பெருக்கல் வாய்ப்பாடு ஏழும் எட்டும் தடுமாறுகிறது, இரவில் பத்து நிமிடம் கேளுங்கள்” என்றால் அவரால் செய்ய முடியும்.

இடமாற்றம் வரும்போது

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். பிரதி எடுத்தாவது அடுத்தவரிடம் கொடுங்கள். முதல் பக்கத்தில், பிள்ளைகள் இன்னும் தடுமாறி நிற்கும் இடங்களையும் அந்தப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள்.

நான் அந்தப் பாடசாலையை விட்டு வந்தபோது என் தரம் 6 குறிப்பை ஓர் இளம் ஆசிரியை வாங்கிக்கொண்டார். முதல் நியமனம். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி எடுத்தார். கீலம் நன்றாக வேலை செய்கிறதாம், ஆனால் ஒரு பையன் 1/5ஐயும் மடித்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம்; 24ஐ எப்படி ஐந்தாகப் பிரிப்பது என்று கேட்டார். 30 சென்ரிமீற்றராக வெட்டுங்கள், மூன்றுக்கும் ஐந்துக்கும் சரிவரும் என்றேன். “நான்குக்கு ஏழரை வருமே சேர்?” என்றார். அதை அந்தப் பையனையே அளக்கச் சொல்லுங்கள் என்றேன்.